பி.ஏ. ஹிஸ்டரியில கம்ப்யூட்டர் பேப்பர்

அடியே,

உன் லெட்டர் வந்துச்சு. பதில் லேட்டானதுக்கு திட்டாத, இது அட்மிஷன் சீசன், கடை ஷட்டர தூக்குனா ராத்திரி வரைக்கும் ஸ்கேன், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஜனம் வந்துகினே இருக்குது. வேலூர் வெயில பத்தி ஓசூர்ல குளுகுளுன்னு உக்காந்துகினு இருக்கறவகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, விடு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்போ சீரியல்ல யார் புடவை இன்னா கலருன்னு அவங்கதான் எனக்கு சொல்றாங்க.

சரி, நீ கேட்டதுக்கு வரேன். பையன் பி.ஏ. ஹிஸ்டரிதான்னு நிக்கிறான், உன் வீட்டுக்காரரு பிசிஏதான்னு நிக்கிறாரு, நடுவுல நீ "பி.ஏ.விலயும் கம்ப்யூட்டர் பேப்பர் வருதாமே, அது போதுமா"ன்னு கேக்கற. புரோகிராமர் வேலைக்குப் போவணும்னா போதாதுடி, அதுக்கு பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர்னு தனியா கீது, அங்கயே சேக்கட்டும். ஆனா ஹிஸ்டரி படிக்கிறவனுக்கு அந்த பேப்பர் வேஸ்ட்டுன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு பாரு, அத மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன்.

நாம படிச்சப்போ மெட்ராஸ் யூனிவர்சிட்டி, கம்ப்யூட்டர் ரூம கண்ணாடி வழியா எட்டிப் பாத்ததோட சரி, அதுக்குள்ள செருப்பு போட்டுகினு போவக்கூடாதுன்னு ஒரு போர்டு வேற. இப்போ 2002ல ஆரம்பிச்ச திருவள்ளுவர் யூனிவர்சிட்டி, சேர்க்காட்டுல கீது. தமிழ், இங்கிலீஷ், மெயின், அலைடு எல்லாம் நம்ம காலம் மாதிரியேதான், அதுக்கு மேல ஸ்கில் பேப்பர், வேற டிபார்ட்மென்ட்ல இருந்து எடுக்கற எலெக்டிவ் பேப்பர்னு வருது, 2022ல இருந்து கவர்மெண்டோட நான் முதல்வன் கோர்ஸும் சேந்துகிச்சு. கம்ப்யூட்டர் இதுல ஏதாவது ஒரு வழியா உள்ள வந்துடும்.

வந்து இன்னா பண்ணுதுன்றதுதான் விஷயம். என் பெரியவ இப்போ செகண்ட் இயர் ஹிஸ்டரி. முதல்ல அவளுக்கு நடத்துனத பாத்து எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, இன்புட் டிவைஸ்னா இன்னா, அவுட்புட் டிவைஸ்னா இன்னா, ரேம் ரோம் வித்தியாசம் எழுதுகன்னு மனப்பாடம், மவுச தொடாமயே மவுச பத்தி ரெண்டு பக்கம் எழுதுது புள்ள. அடுத்த செமஸ்டர்ல ஒரு மேடம் வந்தாங்க, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தான், அவங்க "உங்க பாடத்துல இருந்தே எடுத்துகினு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. இவ நம்ம ஊரு பக்கம் நடந்தத எல்லாம் தேதியோட எக்செல்ல போட்டுகினு கடையில உக்காந்தா. 03-08-1749 ஆம்பூர் சண்டை, 22-01-1760 வந்தவாசி சண்டை, 10-07-1806 வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க வெள்ளைக்காரன எதிர்த்து கெளம்புனது, கடைசியா 15-08-1947.

போட்டுட்டு தேதி வாரியா அடுக்கச் சொன்னா பாரு, 1947 மேல வந்து குந்திகிச்சு, அதுக்குக் கீழ ஆம்பூர், அப்புறம் கோட்டை, எல்லாத்துக்கும் கடைசியில வந்தவாசி! 1806க்கு அப்புறம் 1760ஆம். எனக்கு ஒண்ணும் ஓடல. அவதான் உத்துப் பாத்துட்டு "மா, 1947 மட்டும் கட்டத்துல வலது பக்கம் ஒட்டிகினு கீது, மத்ததெல்லாம் இடது பக்கம் கீது"ன்றா. மேட்டர் இன்னான்னா எக்செலுக்கு காலமே 1900 ஜனவரி 1ல இருந்துதான் ஆரம்பம், அதுக்கு முந்துன தேதிய அது தேதின்னே எடுத்துக்காது, வெறும் எழுத்தா வெச்சுக்கும், எழுத்துன்னா மொத ரெண்டு நம்பர பாத்து 03, 10, 22ன்னு அடுக்கிட்டுப் போயிடும். தப்புன்னு ஒரு வார்த்தை காட்டாது. அந்த 1806 கதையில திப்பு சுல்தான் குடும்பத்த கோட்டையில வெச்சிருந்தது, தலப்பாகை தகராறு, ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்து அன்னிக்கே அடக்குனது, அத்தனையும் அதுக்கு வெறும் எழுத்துதான்.

வருஷம், மாசம், தேதின்னு தனித்தனியா மூணு கட்டத்துல பிரிச்சுப் போட்டு சரி பண்ணா. மேடம் லிப்ரே ஆபீஸ் கால்க்ல போட்டுக் காட்டுனாங்களாம், எக்செல் மாதிரியே, காசு கட்டாம கிடைக்கறதுதான், அது 1806அ தேதியாவே எடுத்துகிட்டு அன்னிக்கு வியாழக்கிழமைன்னு கூட சொல்லிடுச்சு.

இப்போ சொல்லு, பிசிஏ படிக்கிற புள்ள இந்த டேபிள பாத்தா லிஸ்ட் வந்துடுச்சுன்னு பிரிண்ட் எடுத்துகினு போயிடும். கோட்டைக்கு முன்னாடியே வந்தவாசின்னு தெரிஞ்சவளுக்குத்தான் அங்க கண்ணு நிக்குது. என் கடைக்கு வர்ற ஆராய்ச்சி பண்றவங்களும் அப்படித்தான், கல்வெட்டு வாசகத்த எல்லாம் பாமினின்ற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வெச்சிருப்பாங்க, யூனிகோடுல தேடுனா ஒரு ஊர் பேரு கிடைக்காது, நான் உக்காந்து மாத்திக் குடுக்கறேன், பக்கத்துக்கு இவ்ளோன்னு வாங்கறேன். அந்த வேலைய பாதி ஹிஸ்டரி பாதி கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு புள்ள பண்ணா என்னவிட நல்லா பண்ணும், எனக்கு ர, ற மாறுனது கண்ணுல படும், ராஜா பேரு மாறுனது படாது.

அதனால காலேஜ் பாக்கறப்போ பேர பாக்காத. ஆர்ட்ஸ் புள்ளைங்கள லேப்ல உக்கார வைக்கிறாங்களா, இல்ல தியரி எழுத வெச்சு அனுப்பிடறாங்களான்னு அங்கயே படிக்கிற புள்ளைங்ககிட்ட கேளு, ஆபீஸ்ல கேட்டா எல்லாம் இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. வேலைக்கு கியாரண்டி இதுல கிடையாது, அத உன் வீட்டுக்காரருகிட்ட மறைக்காம சொல்லிடு, பிசிஏவுலயும் கிடையாதுன்றதையும் சேத்து சொல்லு.

கவர்மெண்ட் காலேஜுக்கு அப்ளிகேஷன் ஆன்லைன்லதான். ஓசூர்லயே போட்டுடலாம், ஆனா அந்த சாக்குல நீ இங்க வரணும், நானே உக்காந்து போட்டுத் தரேன். வரும்போது பையனோட கம்யூனிட்டி சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலா எடுத்துகினு வா, போன்ல ஆடிப்போன போட்டோவ நீட்டாத, ஸ்கேன் பண்ணா ஒண்ணும் தெரியாது.

இப்படிக்கு
உன் கடைசி பெஞ்சு கூட்டாளி