தீர்ப்பாயத்துக்கு ஆள் போடறது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அரசாங்க ஆர்டரை எதிர்த்து கேஸ் போடற நிர்வாக தீர்ப்பாயம்னாலே சீக்கிரம் முடியும், செலவு கம்மின்னு மட்டும் சொல்லிட்டு போயிடறாங்க. பென்ஷனை நிறுத்திட்டாங்க, லைசென்ஸை ரத்து பண்ணிட்டாங்கன்னு ஒருத்தர் போய் நின்னா எதிர்ல நிக்கறது ஆர்டர் போட்ட அரசாங்கமே, ஃபைலு, ரூல்ஸு, வக்கீலு எல்லாம் அவங்க கையில, இவர்கிட்ட இருக்கறது அந்த ஒத்தை லெட்டர்தான். அதனாலதான் காரணம் எழுதியிருக்கா, இவர் தரப்பை கேட்டாங்களான்னு தீர்ப்பாயம் பாக்குது. இல்லேன்னா ஆர்டரை ரத்து பண்ணி மறுபடி முடிவெடுக்க சொல்லலாம், சில நாட்டுல தீர்ப்பாயமே புது முடிவு எடுத்துடும்.

பிரிட்டன்ல 1957-லயே, தீர்ப்பாயங்களை ஆராய்ஞ்ச ஃபிராங்க்ஸ் கமிட்டி, தீர்ப்பாயத்தை அரசு இயந்திரத்தோட பகுதியா பாக்காதீங்க, வெளிப்படையா, நியாயமா, நடுநிலையா நடக்கணும்னு சொல்லிடுச்சு. இந்தியாவுல 1985 சட்டப்படி மத்திய நிர்வாக தீர்ப்பாயம் வந்துச்சு, அது அரசு ஊழியர் சர்வீஸ் கேஸுக்கு, அதாவது அவங்க வேலை சம்பந்தப்பட்ட கேஸுக்குத்தான் (எல்லா புகாருக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க). 1997-ல எல். சந்திரகுமார் வழக்குல, தீர்ப்பாய உத்தரவை ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு நீதிபதிகள் அமர்வு) விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது ரொம்ப நல்ல விஷயம்.

எனக்கு உறுத்தறது நியமனம்தான். கேஸ்ல எதிர் பார்ட்டியா நிக்கற அரசாங்கமே உறுப்பினரையும் நியமிச்சு, சீட்டையும் மாசக்கணக்குல காலியா போட்டு வெச்சா வேகம் எங்கேர்ந்து சார் வரும்? ஒருத்தர் ரிடையர் ஆகறதுக்கு முன்னாடியே அடுத்த ஆளை தேர்வு பண்ணி வைக்கணும், அதுவும் நீதிபதிகள் அதிகமா இருக்கற கமிட்டி மூலமா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்