பழுதான போர்டு ஒன்றை மாணவர் முன் வையுங்கள்: எம்பெடெட் லேபை நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பொறியியல் கல்லூரிகளின் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர்கள், எம்பெடெட் லேபுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து ஆண்டுகளாக நான் ஃபர்ம்வேர் எழுதிவருகிறேன். தண்ணீர் மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி சார்ஜர், எடைத் தராசு என்று சிறு சிப்புகளில் ஓடும் புரோகிராம்கள்தான் என் பிழைப்பு. கடந்த சில ஆண்டுகளாக, புதிதாகப் படித்து வருபவர்களை நேர்காணல் செய்து வேலைக்கு எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. உங்கள் எம்பெடெட் லேபுகளில், அதாவது சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதிப் பழகும் லேபுகளில், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் வருகிறார்கள், உழைக்கத் தயங்காதவர்கள். அவர்களுக்காக உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இந்த மடல். செய்முறைத் தேர்வில் ஓடும் புரோகிராமை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், ஓடாத போர்டு ஒன்றையும் அதைச் சோதிக்கும் கருவிகளையும் மாணவர் கையில் கொடுத்து, பழுதைக் கண்டுபிடிப்பதற்கு மதிப்பெண் வழங்குங்கள்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணின் முன், ஓடத் தொடங்கிய சில நொடிகளில் உறைந்துபோகும் எஸ்.டி.எம்.32 போர்டு ஒன்றை வைத்தேன். சோர்ஸ் கோடை நிதானமாகப் படித்தார். சி மொழி அவருக்கு நன்றாகவே கைவந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, "இதில் பிரிண்ட் எங்கே போடுவது, சார்?" என்று கேட்டார். சீரியல் பின்கள் இரண்டையும் சென்சார் எடுத்துக்கொண்டிருந்ததால் பிரிண்ட் போட, அதாவது புரோகிராம் தன் நிலையை இடையிடையே எழுதி அனுப்பும்படி செய்ய, வழியில்லை. அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கை மடியில் இருந்தது.

நான் டீபக் புரோபை (ஓடும் சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவியை) எடுத்து, கிளாக்குக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என மூன்று வயர்களை மாட்டிக் கொடுத்து, சிப்பை அப்படியே நிறுத்தச் சொன்னேன். பெரும் பழுது நேர்ந்தால் சிப் தாவிச் செல்லும் ஹார்டுஃபால்ட் ஹேண்ட்லர் என்ற பகுதிக்குள் புரோகிராம் சுற்றிக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தது. எஸ்.டி.எம்.32 போன்ற கார்டெக்ஸ்-எம் வகை சிப் பழுதில் விழும்போது, தான் செய்துகொண்டிருந்த வேலையின் எட்டு ரிஜிஸ்டர்களை, அதாவது தன் உள் அறைகளில் இருக்கும் எண்களை, தானாகவே ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எழுதிவிட்டுத்தான் விழும். அந்த எட்டில் ஏழாவதாக இருப்பது, எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனில் விழுந்தது என்ற முகவரி. அந்த ஏழாவது எண்ணை அவரே படித்து டீபக்கரில் கொடுத்தார். சோர்ஸ் கோடின் வரி எதிரில் வந்து நின்றது. எட்டு உறுப்புகள் கொண்ட அர்ரேயில் ஒன்பதாவதைத் தொட்டு, அங்கே கிடந்த குப்பை எண்ணை முகவரி என்று நம்பிப் படிக்கப் போயிருந்தது புரோகிராம். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். "நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லையே, சார்" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆதங்கத்தை உங்களிடம் சேர்ப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

பிரிண்ட் போட்டுப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் தினமும் போடுகிறேன். ஆனால் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை மாணவர்கள் ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளையும் சேர்த்துப் பத்து பிட், அதாவது ஒரு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். இருபது எழுத்துள்ள ஒரு வரி போய்ச் சேர ஏறக்குறைய 21 மில்லி செகண்டு. அதே நேரத்தில் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப் 15 லட்சம் கிளாக் துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. நேரம் சார்ந்த பழுதைத் தேடும்போது, நடுவில் இவ்வளவு பெரிய தாமதத்தை நுழைத்தால் பழுது ஒளிந்துகொள்ளும்.

இதற்கு நான் கொடுத்த விலை பதினொரு நாள். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் பொருத்தியிருந்த போர்வெல் கன்ட்ரோலர், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் மோட்டாரை நிறுத்திவிடும். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தொலைபேசி அழைப்பில்தான் எனக்குப் பொழுது விடியும். பிரிண்ட் போட்டேன்; பழுது வரவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பி பிரிண்டை எடுத்தேன், மறுபடி வந்தது. இப்படியே ஒரு வாரத்துக்கும் மேல் போனது.

கடைசியில் அதே போர்டு ஒன்றை மேசையில் வைத்து, ஃப்ளோ மீட்டருக்குப் பதிலாக சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து துடிப்புகளை வேகமாக ஊட்டி, சும்மா இருந்த மூன்று பின்களை, சிக்னல் உயர்வதையும் தாழ்வதையும் பதிவு செய்யும் லாஜிக் அனலைசரில் இணைத்தேன். ஒவ்வொரு துடிப்பும் வந்ததும் சிப் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எண்ணும் பகுதியான இன்டரப்டுக்குள் நுழையும்போது ஒரு பின் உயரும்; அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கையைப் படிக்கும்போது இன்னொன்று; மோட்டாரை நிறுத்த முடிவெடுக்கும்போது மூன்றாவது. 16 மெகாஹெர்ட்ஸ் ஏ.வி.ஆர். சிப்பில் ஒரு பின்னை உயர்த்த இரண்டு கிளாக் துடிப்பு போதும், 125 நானோ செகண்டு. பழுது ஒளிந்துகொள்ள அது நேரம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மாட்டியது. எண்ணிக்கையைப் படிக்கும் துடிப்பின் வயிற்றுக்குள் இன்டரப்டின் துடிப்பு உட்கார்ந்திருந்தது.

காரணம் எளியது. 8 பிட் சிப் ஒரு 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகத்தான் படிக்கும். எண்ணிக்கை 255 ஆக இருக்கும்போது கீழ்ப் பாதியைப் படிக்கிறது: 255. அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணிக்கையை 256 ஆக்குகிறது. மேல் பாதி ஒன்றாகிவிடுகிறது. திரும்பி வந்து மேல் பாதியைப் படித்தால், பழைய கீழ்ப் பாதியும் புதிய மேல் பாதியும் ஒட்டி 511 என்று கைக்கு வரும். தண்ணீர் திடீரென்று இரு மடங்கு ஓடுகிறது, குழாய் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. எண்ணைப் படிக்கும் அந்த ஓரிரு வரிகளுக்கு மட்டும் இன்டரப்டை மூடி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. இன்டரப்ட் பற்றிய பாடத்தை நான் கல்லூரியில் படித்தவன்தான், தேர்விலும் எழுதியவன்தான். ஆனால் அந்த இரண்டு துடிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணால் பார்த்த அன்றுதான் பாடம் புரிந்தது.

சிப்புக்குள் எட்டிப் பார்க்கும் வாசல் புதியதொன்றும் அல்ல. போர்டுகளில் சிப்புகள் நெருங்கி, ஊசிகளை வைத்துச் சோதிக்க இடமில்லாமல் போன 1980-களில், எலக்ட்ரானிக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து 1985-இல் ஒரு குழுவை அமைத்தன. அந்தக் குழுவின் பெயரே ஜேடேக் என்று நிலைத்து, 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தர நிர்ணயமாக வெளிவந்தது. சாலிடர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பிறந்த அந்த நான்கு வயர்ப் பாதைதான், பிறகு புரோகிராமை ஏற்றவும், நிறுத்தவும், வரி வரியாக நடத்தவும் பயன்பட்டது. சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் அதை எஸ்.டபிள்யூ.டி. என்று இரண்டு வயராகச் சுருக்கியது. இன்று உங்கள் மாணவர் கையில் இருக்கும் ஏறக்குறைய எல்லா 32 பிட் போர்டிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த வாசல் இருக்கிறது. திறந்து காட்ட ஆள் இல்லை என்பதுதான் குறை.

8051 என்ற பழைய 8 பிட் சிப்புக்கான லேபை முழுவதும் சிமுலேட்டரிலேயே நடத்துவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ரிஜிஸ்டர் எப்படி மாறுகிறது என்று முதல் இரண்டு வாரம் காட்டுவதற்கு அது நல்ல கருவிதான். ஆனால் சிமுலேட்டரில் ஜம்பர் வயர் கழன்று வராது, கிரவுண்ட் இணைக்க மறந்துபோகாது, சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் ஐ-ஸ்கொயர்-சி லைனில், சிக்னலை மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாமல் சிக்னல் தரையிலேயே கிடக்காது. இன்னொரு பக்கம் ஆர்டுயினோ ஊனோ. அதிலுள்ள ஏட்மெகா328பி சிப்பில் டீபக் வசதி உண்டு. ஆனால் அது ரீசெட் பின்னில் அமைந்திருப்பதால், போர்டைத் தானாக ரீசெட் செய்ய அந்த லைனில் வைத்த கெபாசிட்டர் குறுக்கே நிற்கிறது, போர்டில் ஒரு தடத்தை வெட்டினால்தான் அந்த வசதியைத் தொட முடியும். ஆர்வத்தைத் தூண்ட ஊனோ அருமையான போர்டு. டீபக் கற்றுக்கொடுக்க அது ஏற்றதல்ல.

செலவு பெரிய தடையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2021-இல் ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறு போர்டு 4 டாலர் விலையில் வெளிவந்தது. ஒரு பைக்கோவை வைத்தே இன்னொரு பைக்கோவை டீபக் செய்யலாம். எஸ்.டி.எம்.32 சிப் உள்ள நியூக்ளியோ போர்டுகளில் புரோப் கூடவே வருகிறது. 24 மெகாஹெர்ட்ஸ், எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ரிச்சி தெருவில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை ஒட்டிய விலைக்கே கிடைக்கிறது. அதனுடன் ஓடும் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். டீபக்கராக நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஜி.டி.பி.யை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதினார். அதைச் சிப்போடு பேச வைக்கும் ஓப்பன் ஓ.சி.டி., ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005-இல் தன் பட்ட ஆய்வேடாகச் செய்தது. உங்கள் இறுதியாண்டு மாணவர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்; புராஜெக்ட் என்பது கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல என்று அவர்களுக்குப் புரியும்.

கற்றுக்கொடுக்கும்போது கருவியின் ஆபத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். மோட்டாரை ஓட்டும் போர்டில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தினால், கன்ட்ரோல் லூப் நிற்கும், ஆனால் பி.டபிள்யூ.எம். (மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்புகள்) கொடுக்கும் டைமர் கடைசியாகச் சொன்ன அளவிலேயே தொடர்ந்து ஓடும். கரன்ட்டைக் கவனிக்க ஆளில்லாமல், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் புகையும். டைமரும் உடன் நிற்க எஸ்.டி.எம்.32-இல் தனியாக ஒரு பிட் வைத்திருக்கிறார்கள். அப்படி நிறுத்தினாலும் வெளிவரும் பின் எந்த நிலையில் உறைகிறது என்று பார்த்த பிறகே சப்ளை கொடுக்க வேண்டும். முதல் பயிற்சிகளை எல்.இ.டி.யில் செய்து, பிறகு மோட்டாருக்கு வருவது நல்லது.

மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் படிப்பதில்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அதனால் லேபில் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்ணைப் பழுது தேடுதலுக்கு ஒதுக்கும்படி கேட்கிறேன். கழன்ற கிரவுண்ட், வாலட்டைல் (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று குறிக்காமல் விட்ட மாறி, நிரம்பி வழியும் ஸ்டாக், தவறான பாட் வேகம் போன்ற பழுதுகளில் ஏதோ ஒன்று ஒவ்வொரு போர்டிலும் இருக்கட்டும். விடை கண்டுபிடிக்காத மாணவரும், எதைச் சந்தேகித்தேன், எப்படிச் சோதித்தேன், எதை விலக்கினேன் என்று ஒழுங்காக எழுதியிருந்தால் பாதிக்கு மேல் மதிப்பெண் பெற வேண்டும். ரெக்கார்டு நோட்டில் இப்போது எல்லாருடைய அவுட்புட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. என்ன தவறு நடந்தது என்று எழுத ஒரு பக்கம் விட்டால், அந்தப் பக்கம் எந்த இருவருக்கும் ஒன்றாக இருக்காது. லேப் அசிஸ்டன்ட்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுங்கள், ஏனென்றால் மாணவர் தடுமாறும்போது முதலில் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

நம் ஊரிலேயே, கிண்டிக்கு அருகில் ஐ.ஐ.டி. வளாகத்தில், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் வரையறையின் அடிப்படையில் சக்தி பிராசசர்களை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்புகளையும் இதே ஜி.டி.பி., இதே ஓப்பன் ஓ.சி.டி. கொண்டுதான் டீபக் செய்கிறார்கள். ஆகவே ஒரு சிப்பில் கற்ற வழக்கம் அடுத்த சிப்புக்கும் கூடவே வரும்.

விதவிதமான பழுதுகள் வைத்த பத்து போர்டுகளை, அவற்றின் சர்க்யூட், சோர்ஸ் கோட், விடைத்தாள் ஆகியவற்றோடு தயாராக வைத்திருக்கிறேன். எந்தத் துறை கேட்டாலும் கட்டணமின்றித் தருகிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து ஆசிரியர்களோடு அமர்ந்து முதல் வகுப்பை நடத்தித் தரவும் விரும்புகிறேன். லேபில் இரண்டு மாணவருக்கு ஒரு புரோப் என்ற கணக்கில் வாங்கி வைத்துவிட்டு அழைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு ஃபர்ம்வேர் பொறியாளர்
அம்பத்தூர், சென்னை