ஆண்டறிக்கை: இரட்டை விண்மீன் பிரிவின் பணிகள்

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நம் வானியல் சங்கத்தின் பணிகளைச் செயற்குழுவின் சார்பில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். பள்ளி மாணவர்களுக்கான நிலா, வியாழன் காட்சி இரவுகள் வழக்கம்போல் நடந்தன. சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இரட்டை விண்மீன் (வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு விண்மீன்கள்) நோக்கலே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்ததால், அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

புதுச்சேரி வானில் விளக்கொளி கூடிக்கொண்டே போகிறது. மங்கலான அண்டங்களையும் நெபுலாக்களையும் பார்க்க ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. பிரகாசமான இரட்டை விண்மீன்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முழுநிலவு நாளிலும் அளக்கலாம். தேவைப்படுவது இருட்டைவிட, அசையாத காற்று. இந்தப் பணிக்கு இந்த ஊரிலேயே வேரும் உண்டு. ஆல்ஃபா சென்டாரி விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று 1689 டிசம்பரில் ஏசுசபைப் பாதிரியார் ழான் ரிஷோ கண்டறிந்தது புதுச்சேரியிலிருந்துதான். வால்மீன் ஒன்றைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியபோது அது அவர் கண்ணில் பட்டது.

அதே இணையிலிருந்துதான் நாமும் தொடங்கினோம். நம் ஊரில் ஆல்ஃபா சென்டாரி மிக உயரே வரும்போதும் தென்வானில் சுமார் 17 பாகைதான் ஏறும். மே கடைசியில் இரவு பத்து மணியை ஒட்டி அந்த நிலைக்கு வருகிறது. அவ்வளவு தாழ்வில் காற்று ஒரு பட்டகம்போல் ஒளியைப் பிரிப்பதால் விண்மீனின் மேல்விளிம்பு நீலமாகவும் கீழ்விளிம்பு சிவப்பாகவும் இழுபடும். புதிய உறுப்பினர்கள் அதைத் தொலைநோக்கியின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு பச்சை வடிகட்டி போட்டால் இரண்டு விண்மீன்களும் தனித்தனிப் புள்ளிகளாகின்றன. இவை ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. இடைவெளி 1976-ல் 22 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு). 2016-ல் 4 விகலைக்குக் குறுகி, அதன்பின் விரிந்துவருகிறது. ஆண்டுதோறும் அளந்தால் நகர்வு நம் குறிப்பேட்டிலேயே தெரியும் என்பதால் இதை நிரந்தர வேலையாக வைத்திருக்கிறோம்.

எந்தத் தொலைநோக்கியால் எதைப் பிரிக்க முடியும் என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. டாஸ் விதிப்படி 116-ஐ வில்லை அல்லது ஆடியின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் பிரிக்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி விகலையில் கிடைக்கும். 60 மி.மீ. கருவிக்கு 1.9, 150-க்கு 0.77, 200-க்கு 0.58. இரண்டும் ஏறத்தாழச் சம பிரகாசமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். கன்னி ராசியின் போரிமா அப்படிப்பட்டது: இரண்டும் 3.5 பொலிவு (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), 2005-ல் அரை விகலைக்கும் குறைவாக நெருங்கி இப்போது விலகி நிற்பதால் சிறிய கருவியிலும் பிரிகிறது. அண்டாரெஸ் அப்படியல்ல. துணை 2.6 விகலை தள்ளி இருந்தும், 1-ஆம் பொலிவுள்ள சிவப்புப் பெருவிண்மீனின் ஒளியில் 5.5 பொலிவுள்ள துணை மூழ்கிப்போகிறது. ஆனால் நம் ஊரில் அண்டாரெஸ் 51 பாகை உயரம் வரை வருகிறது. ஐரோப்பியர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். இந்த வசதியை நாம் வீணாக்கக் கூடாது. வானம் முழுதாக இருட்டுமுன், அந்தி வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பின்புலம் வெளுத்திருந்தால் கண்கூச்சம் குறையும்.

சிரியஸ் விண்மீனின் மங்கலான துணையைக் காண முயல விரும்புவோருக்குச் செயற்குழு ஒரு முறை வகுத்திருக்கிறது. முதலில் ரைஜல் விண்மீன். 9.5 விகலை தள்ளி 6.8 பொலிவில் இருக்கும் அதன் துணை நிலையாகத் தெரியாத இரவில் சிரியஸுக்குப் போகவே வேண்டாம். சிரியஸின் துணை சுமார் 11 விகலை தள்ளி இருக்கிறது. ஆனால் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஐபீஸின் (கண்வைத்துப் பார்க்கும் வில்லைக் குழலின்) உள்விளிம்பு வளையத்தில், பார்வைக்குக் கூர்மையாகத் தெரியும் இடத்தில், மெல்லிய அலுமினியத் தாள் பட்டை ஒன்றை ஒட்டி, சிரியஸை அதன் பின்னால் மறைக்க வேண்டும். வளையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒட்டினாலும் பட்டையின் ஓரம் மங்கி, பயனில்லாமல் போகும். தொலைநோக்கியை வானோடு சேர்த்துத் திருப்பும் மோட்டாரை நிறுத்தினால் விண்மீன் மேற்கே நகரும். துணை அதற்குப் பின்னால், கிழக்கு-வடகிழக்கில் வரும். நியூட்டோனியன் (ஆடித் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் அட்டையில் அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் முன் பொருத்தி, ஒளிக்கதிர்க் கோடுகள் துணையின்மேல் விழாதபடி அட்டையைத் திருப்பிக்கொள்ளலாம்.

கருவியைவிட இடம்தான் பல இரவுகளைக் கெடுக்கிறது. மொட்டைமாடிக் காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் வைத்த கருவியில் 2 விகலை இணைகூடக் கலங்கிய ஒரே பொட்டாகத் தெரியும். ஆகவே அளவீட்டு இரவுகளை மண்தரைக்கு மாற்றினோம். எட்டு அங்குல ஆடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். தை, மாசிப் பனிக்கு, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்தில் கருப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் குழாய்முனையில் மாட்டினால் போதும். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வழக்கம்போல் கைவிட்டுப் போயின.

இனி அளவீடு. பார்த்து ரசிப்பதோடு நிற்காமல் இடைவெளியையும் நிலைக்கோணத்தையும் (முதன்மை விண்மீனிலிருந்து துணை இருக்கும் திசை) எண்ணாக எழுத வேண்டும் என்பதே பிரிவின் நோக்கம். கோடிட்ட அளவுகோல் ஐபீஸில் முதலில் ஒரு பிரிவு எத்தனை விகலை என்று காண வேண்டும். மோட்டாரை நிறுத்தி, நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணத் தொலைவு) 60 பாகையை ஒட்டிய ஒரு விண்மீனை அளவுகோலின் நீளத்தில் ஓடவிட்டு, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஆகும் நேரத்தைக் குறிக்கவும். நடுவரையை ஒட்டிய விண்மீன் வேகமாக ஓடுவதால் கைக்கடிகாரப் பிழை பெரிதாகும். துருவத்தை ஒட்டியவை நமக்கு அடிவானத்தில் கிடப்பதால் அவையும் உதவாது. நேரத்தை 15.04-ஆலும், நடுவரை விலக்கத்தின் கொசைனாலும் பெருக்கி, பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 60 பிரிவுகளைக் கடக்க 40.5 விநாடி ஆனால், 40.5 × 15.04 × 0.5 ÷ 60, அதாவது ஒரு பிரிவுக்கு 5.08 விகலை. பத்து முறை ஓடவிட்டுச் சராசரி எடுக்கவும். உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

நிலைக்கோணம் வடக்கில் சுழியாகத் தொடங்கிக் கிழக்கு வழியாகக் கூடும். இங்கேதான் தவறுகள் அதிகம். பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் 90 பாகை டயகனல் போட்டால் பிம்பம் இடவலம் மாறி, கோணம் எதிர்த்திசையில் ஓடும். ஆகவே அளவீட்டில் டயகனல் வேண்டாம். சம பிரகாச இணைகளில் எது முதன்மை என்பது குழம்பி, கோணம் 180 பாகை பிசகும். 5 விகலைக்குக் குறைந்த இணைகளுக்கு இந்த ஐபீஸ் போதாது, கேமராதான் வழி. 3.75 மைக்ரான் பிக்சல் கேமராவை 4064 மி.மீ. குவியத் தூரத்தில் வைத்தால் ஒரு பிக்சல் 0.19 விகலை. 10 முதல் 20 மில்லிவிநாடிப் படங்களாக ஆயிரம் எடுத்து, கூர்மையான பத்து சதவீதத்தை மட்டும் அடுக்கவும். முதன்மை விண்மீன் வெளிறிப் பரவினால் அதன் மையம் துணைப்பக்கம் இழுபட்டு இடைவெளி குறைவாக வரும். மோட்டாரை நிறுத்தி விண்மீனை ஓடவிட்டு எடுக்கும், திசை காட்டும் ஓட்டப் படத்தை எடுத்து முடியும்வரை கேமராவைத் திருப்பக் கூடாது.

ஒவ்வொரு இரவும் தொடக்கத்திலும் முடிவிலும் வசிட்டரை (மைசார், 14.4 விகலை) அளந்து பார்க்கிறோம். அரை விகலைக்கு மேல் விலகினால் அன்றைய அளவுகளை ஏற்பதில்லை. வசிட்டரின் இணையும் அருகிலுள்ள அருந்ததியும் பொதுமக்கள் இரவுகளில் பெரிய வரவேற்பு பெற்றன; திருமணத்தில் அருந்ததி பார்த்தவர்கள் அதைத் தொலைநோக்கியில் கண்டதும் வரிசையைவிட்டு நகர மறுத்தார்கள்.

அளப்பதற்கு முன் அட்டவணையைப் பார்க்கக் கூடாது என்ற விதியைச் செயற்குழு கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பேணும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் அட்டவணையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் உள்ளன. பல ஆண்டுகளாக யாரும் அளக்காதவையும் அவற்றில் உண்டு. அச்சான எண்ணைப் பார்த்தபின் கை தானாக அந்த எண்ணுக்கே போகும். அப்படி எழுதிய அளவால் யாருக்கும் பயனில்லை.

வரும் ஆண்டுக்கு ஆல்ஃபா சென்டாரி, போரிமா, காஸ்டர் ஆகியவற்றோடு 70 ஒஃபியூக்கியையும் முன்மொழிகிறோம். 88 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட இந்த இணையில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் இருக்கலாம் என்று 1855-ல் சென்னை வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப் எழுதினார். பின்னாளில் அது உறுதிப்படவில்லை. இணை இன்றும் சிறிய தொலைநோக்கிக்கு எளிது.

அளவீட்டுப் படிவத்தில் நாள், நேரம், கருவி, உருப்பெருக்கம், காற்றின் நிலை, ஒவ்வொரு தனி அளவும் இருக்க வேண்டும். சராசரியை மட்டும் எழுதிய படிவம் திருப்பி அனுப்பப்படும். நிரப்பிய படிவங்களை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலரிடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்