தண்ணீர் ஊற்றுகிற வேலைதான் அக்கா

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். போனில் அம்மாவிடம் என் வேலையைச் சொன்னேன், "இவ்வளவு படித்தது தண்ணீர் ஊற்றவா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நீயே அவளுக்குப் புரியவை.

ஆன்டெனாவைச் சோதிக்கிற அறை ஒன்று இங்கே இருக்கிறது, சுவர், கூரை எல்லாம் கரி கலந்த நுரைக் கூம்புகள். மின்காந்த அலை பட்டுத் திரும்பாமல் அவை விழுங்கிவிடும். கதவைச் சாத்தினால் செல்போனில் சிக்னலே இருக்காது, நீ கூப்பிட்டு நான் எடுக்காத நேரமெல்லாம் பெரும்பாலும் அதற்குள் இருந்த நேரம்தான், கோபப்படாதே. அந்தக் கரிக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்து அலையை உறிஞ்ச முடியுமா என்பதுதான் எங்கள் வேலை.

தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர் மின்னூட்டம், மறுபக்கம் எதிர். அலை வந்தால் அதன் மின்புலத்தோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும், ஆனால் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் பிடித்து இழுப்பதால் பின்தங்கிவிடும், அந்த இழுபறியில் அலையின் ஆற்றல் சூடாகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண்ணான 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்வது, தண்ணீருக்கென்றே அமைந்த எண் என்று பலர் சொல்வார்கள், நம்பாதே. சாதாரண அறை வெப்பத்தில் தண்ணீரில் அந்த இழுபறி உச்சத்துக்குப் போவது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான்.

அப்படியென்றால் ஒரு தொட்டித் தண்ணீர் போதாதா? போதாது. அலை தண்ணீருக்குள் போனால்தானே உறிஞ்சும்! காற்றில் போவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ 9 மடங்கு மெதுவாகப் போகும், அந்தத் திடீர் மாற்றத்தால் நேராக வந்து விழும் அலையில் சுமார் 60 சதவீதம் தட்டையான பரப்பில் பட்டே திரும்பிவிடும். அதனால் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் அச்சு செய்து, கூம்பாகவோ சின்னச் சின்னக் குழிகளாகவோ தண்ணீரை நிரப்பி, பின்னால் ஒரு உலோகத் தகடு வைக்கிறோம். அலை படிப்படியாக உள்ளே நுழையும், தப்பிய மிச்சமும் தகட்டில் பட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது, செய்யும்போது பாதி நேரம் சிரிஞ்சும் கையுமாகக் காற்றுக் குமிழியோடு சண்டைதான். ஆனால் தண்ணீர் மலிவு, பின்னால் இருக்கிற தகடு மறைக்காவிட்டால் வெளிச்சத்தையும் உள்ளே விடும். கரி நுரையை ஜன்னலில் ஒட்ட முடியுமா, சொல்.

இந்த நாட்டுக் குளிர்தான் எனக்கும் ஆகவில்லை, தண்ணீருக்கும் ஆகவில்லை. உறைந்தால் மூலக்கூறுகள் அசைய முடியாமல் பூட்டிக்கொள்ளும், மைக்ரோவேவ் அலை பனிக்கட்டிக்குள் புகுந்து கிட்டத்தட்ட அப்படியே போய்விடும். உப்புப் போட்டால் சீக்கிரம் உறையாது, குறைந்த அதிர்வெண்ணில் உறிஞ்சுவதும் கூடும், ஆனால் உலோகத்தில் பட்டால் அரித்துவிடும். கிளிசரின் கலந்த ஜெல்தான் இப்போதைக்குத் தேவலை. ஹீட்டர் ஓடுகிற அறையில் காற்று எவ்வளவு வறண்டுபோகும் தெரியுமா, என் உதடு வெடிக்கிறது, சாதாரண ஜெல் சுருங்கிப்போகிறது, கிளிசரின் இருந்தால் ஈரம் கொஞ்சம் தங்கும்.

சரி அக்கா, லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் சொல்கிறேன். அம்மா என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தம்பி