பயந்தவர்களுக்கு மட்டுமா பக்கவிளைவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காசநோய்க் கட்டுரையில் ‘மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குத்தான் பக்கவிளைவு வரும்’ என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அப்பா எதற்கும் பயப்படாதவர், ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் வயது அறுபதைத் தாண்டியிருந்தது, சர்க்கரை இருந்தது, நோயில் உடம்பு பாதியாக இளைத்திருந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை நரம்பைப் பாதிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? பாதம் எரிகிறது என்றார். அப்புறம் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தார். ‘சர்க்கரை இருந்தால் அப்படித்தான்’ என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பிறகு வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காசநோய் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை.

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மூன்று காசநோய் மருந்துகளும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குடிப்பழக்கம், ஹெபடைடிஸ் பி அல்லது சி, எச்ஐவி, முதுமை, ஊட்டமில்லாத உடம்பு, இவை இருந்தால் ஆபத்து கூடும். சிலருக்குப் பிறவியிலேயே ஐசோனியாசிட் உடம்பில் மெதுவாகத்தான் சிதையும், அதற்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரகம் பழுதானவருக்கு எத்தாம்புட்டால் என்ற இன்னொரு காசநோய் மருந்தைப் பார்த்துக் கொடுக்காவிட்டால் கண் நரம்பு கெட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அதுவும் பயத்தால் வருவதா?

பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நீங்கள் எழுதுவது இது முதல் தடவையல்ல. வாந்தியும் காமாலையுமாகக் கிடந்தவர் ஏன் நிறுத்தினார் என்று ஒரு தடவையாவது கேட்டு எழுதியிருக்கிறீர்களா? கல்லீரல் பற்றிய உங்கள் தொடரில் காசநோய் மாத்திரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்று அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, சரி, பதிலாவது போட்டிருக்கலாம்.

நான் கேட்பது கொஞ்சம் இடம்தான். அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள்: ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது சாதாரணம். ஆனால் அது தேநீர் டிகாஷன் போலக் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, சாப்பாடே பிடிக்காமல் வாந்தி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பாதம் எரிந்தாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி