கடைமடை வரை தண்ணீர் விட்டவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்மாய்கள் பற்றிய செய்தியைப் படித்தபோது, அண்மையில் காலமான என் தாத்தாவின் நினைவு வந்தது. மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் நீர்பாய்ச்சி. 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் வைகையில் இறங்கி, பேரணை என்ற தடுப்பணையில் கால்வாய்க்குத் திரும்பி எங்கள் கண்மாய்க்கு வரும். அதன்பிறகு எல்லாம் அவர் பாடு. மடை திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் சொல்தான். கூலி, களத்தில் அளந்து போடும் நெல். சொந்த மைத்துனருக்கே முறை மாற்றித் தர மறுத்துவிட்டார். அந்த ஆண்டு தீபாவளிக்குப் பாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டி கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினார்! அடைமழை இரவுகளில் அரிக்கேன் விளக்கோடு கரையிலேயே கிடப்பார். நண்டு வளை தென்பட்டால் மண் போட்டு மிதித்துவிட்டுத்தான் நகர்வார். உடைப்பு அங்கேதான் தொடங்குமாம்.

இப்போது வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த வேலை தெரிந்த முதியவர்கள் இன்னமும் சில ஊர்களில் இருக்கிறார்கள். தூர்வாரத் திட்டம் போடும் நீர்வளத் துறையினர், அவர்களைக் கரைக்கு அழைத்துப்போய் ஒரு வார்த்தை கேட்கலாமே.

– ஒரு வாசகி, மேலூர்