எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

அன்புள்ள ராகவா,

இங்கு அனைவரும் நலம். உன் மூட்டுவலிக்கு நான் மருந்து சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை.

துருக்கி, ஈராக், ஈரான், சிரியா எனப் பிரிந்து வாழும் குர்து மக்களை மேற்குலகம் பலமுறை கைவிட்டது உண்மைதான், ஆனால் காப்பாற்றியதும் அதே மேற்குலகம்தானே என்று போன கடிதத்தை முடித்திருந்தாய். நம் வரலாற்று வாத்தியார் இதற்குப் பாதி மதிப்பெண் போட்டிருப்பார். நான் அவரைவிடக் கறார்.

1991ஐயே எடுத்துக்கொள். சதாமுக்கு எதிராக ஈராக்கியரைக் கிளர்ந்தெழச் சொல்லிவிட்டு அமெரிக்க அதிபர் மூத்த புஷ் ஒதுங்கிக்கொண்டார். சதாமின் படைக்கு அஞ்சி லட்சக்கணக்கான குர்துகள் மலைகளில் ஏறித் தவிப்பதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே, 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே ஈராக்கிய விமானங்கள் பறக்கத் தடை வந்தது. அது உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வானத்தைக் காத்த விமானங்கள் துருக்கியின் இன்சிர்லிக் தளத்திலிருந்து கிளம்பின. அதே துருக்கியில், அதே ஆண்டு நவம்பரில், அங்காரா நாடாளுமன்றத்தில் குர்து உறுப்பினர் லெய்லா ஸானா, துருக்கிய மொழியில் உறுதிமொழி எடுத்த பின், இரு மக்களின் சகோதரத்துவம் குறித்து ஒரேயொரு வாக்கியத்தைக் குர்து மொழியில் சேர்த்தார், அவை கொதித்தெழுந்தது. 1994இல், துருக்கி அரசை எதிர்த்து ஆயுதமேந்திய குர்து அமைப்பான பி.கே.கே.யின் உறுப்பினர் என்று சொல்லி அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

இதற்கு ஐரோப்பா காட்டிய முகத்தைக் கேள். 1995இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்கு மனித உரிமைக்கான சாகரோவ் விருது அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே துருக்கியுடனான சுங்க ஒன்றியம் என்ற வணிக உடன்பாட்டுக்கும் ஒப்புதல் தந்தது. அவர் வெளியே வந்தது 2004இல்தான்.

பி.கே.கே. ஆசிரியர்களைக் கொன்றதை நான் மறந்துவிடவில்லை, ராகவா. அதற்குச் சமாதானம் சொல்லவும் மாட்டேன். ஆயினும் துப்பாக்கி தொடாதவர்களின் மொழியுரிமைக்காகக்கூட வாஷிங்டன் தன் நேட்டோ கூட்டாளியான துருக்கியை உறுதியாக நெருக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எல்லைக்கு அப்பால் சதாமிடமிருந்து ஓடிய குர்து பாதுகாக்கப்பட வேண்டியவர். இப்பால் தன் மொழியில் பேசிய குர்து, கூட்டாளியின் உள்நாட்டு விவகாரம். சிரியாவில் ஐ.எஸ்.ஸுடன் போரிட்டுத் தம்மவரில் ஏறத்தாழ 11,000 பேரை இழந்த குர்து தலைமையிலான படையும், 2019 அக்டோபரில் டிரம்ப் துருக்கி எல்லையிலிருந்து தம் வீரர்களை விலக்கியபோது இந்தக் கணக்கில்தான் விழுந்தது.

ஈராக்கியக் குர்துகளை ஈரானும் அமெரிக்காவும் கைவிட வழிவகுத்த 1975 ஈரான்–ஈராக் அல்ஜியர்ஸ் உடன்பாட்டை நான் தொடவில்லை. அப்போதைய அமெரிக்க வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிஞ்சருக்கு நீ வக்காலத்து வாங்குவாய் என்று தெரியும், எழுது, படிக்கிறேன்.

அன்புடன்,
சேது